அடுப்பு அணைந்தும் ஓடிய மீட்டர்

குழாய் கேஸ் மீட்டர் பார்க்கிற கலைவாணிக்கு ஒரு நாளைக்கு எண்பது வீடு. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் மீட்டரைக் குனிந்து பார்த்து, கறுப்பு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். கறுப்பு என்றால் முழு கன மீட்டர், சிவப்பு என்றால் சில்லறை. அந்தச் சில்லறையை எந்த மகராசி பார்க்கிறாள்?

அன்றைக்குப் பார்த்தாள். உப்பளம் பகுதியில் பலராமன் வீடு. வேலைபார்த்த மில் மூடியபிறகு வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்த மனிதர். பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஐந்து மணிக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"டீ போட்டுத் தரலாம்னு பாத்தேன், மத்தியானத்துலேர்ந்து அடுப்பையே பத்தவைக்கலம்மா" என்றார்.

கலைவாணி மீட்டரைப் பார்த்தாள். சிவப்பு எண் நகர்ந்துகொண்டிருந்தது.

"அடுப்பு நெசமாவே அணைஞ்சிருக்கா ஐயா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? லேசா கேஸ் நாத்தம் வந்துச்சு. எலி டியூபைக் கடிச்சிருக்கும்போல. அடுப்புத் திருகை மூடி, ரெண்டு கதவையும் தொறந்து வச்சி, தரையோட தரையா கேஸைத் தொடப்பத்தால தள்ளி விட்டுட்டேன். இப்ப கீழ வாசனையே இல்ல பாரு."

"வீட்டம்மா எங்க?"

"குஞ்சம்மாளா? கேஸு கீழதான தங்கும்? அதான் மாடி ரூம்ல போயி படுத்துக்கன்னு அனுப்பிட்டேன்." அதைப் பெருமையாக வேறு சொன்னார், பாவி மனுஷன்.

கலைவாணி பாய்ந்து மீட்டர் வால்வைத் திருகினாள். சிவப்பு எண் நின்றது. ஆனால் போனது போனதுதானே? சிலிண்டர் கேஸ் கனம், தரையில் படியும். குழாயில் வருவது காற்றைவிட லேசு. படிக்கட்டு வழியாக ஏறிப்போய் மேலே கூரையடியில் அடைந்துகொள்ளும். அவள் அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலைப் புறா வராமல் சாக்கு வைத்து இறுக அடைத்திருந்தார்கள்.

"மேல ஃபேன் சுவிட்சு?"

"போட்டபடிதான் இருக்கும். கரண்ட் வந்தா சுத்தட்டுமேன்னு."

மணி நாலே முக்கால். கரண்ட் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? முந்தியே வந்து தொலைத்தாலும் தொலைக்கும். ஒரு பொறி போதும். மெயினை இப்போதே இறக்கிவிட வேண்டும். கரண்ட் வந்தபிறகு இறக்கினால் அதுவே பொறியாகிவிடும்.

செல்போனும் பொறி கிளப்பலாம் என்று அதைப் பலராமன் கையில் திணித்து, "தெருமுனைக்குப் போங்க. யாரையும் கிட்ட விடாதீங்க" என்று விரட்டிவிட்டு உள்ளே ஓடினாள். கதவுக்குப் பின்னால் மெயின் பெட்டி. இறக்கிவிட்டாள்.

மேலேயிருந்து குஞ்சம்மாள் குரல் கேட்டது. "ஏங்க, தீப்பெட்டிய எங்க வச்சித் தொலைச்சீங்க? கொசு பிச்சி எடுக்குது, ஒரு வத்தியாவது கொளுத்தலாம்... ஆங், இருக்கு இருக்கு."

பெட்டிக்குள் குச்சிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. கேஸ் என்று கத்தினால், அது கீழேதானே என்று அந்தம்மா நியாயம் பேசும். பேசிக்கொண்டே கிழிக்கும்.

"அம்மா! ஐயா வாசல்ல மயங்கி விழுந்துட்டாரு!"

ஐயோ என்று அலறிக்கொண்டு, மூட்டுவலியெல்லாம் மறந்து, தடதடவென்று இறங்கிவந்தாள் குஞ்சம்மாள். புடவையெல்லாம் கேஸ் நாற்றம். கையில் தீப்பெட்டி, அதன்மேல் உரசத் தயாராக ஒரு குச்சி. கலைவாணி இரண்டையும் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தெருமுனைவரை தரதரவென்று இழுத்துப்போனாள்.

அங்கே நின்ற புருஷனைப் பார்த்ததும், "நல்லாத்தான நிக்கிற, மனுஷா!" என்று அவர் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்தி, அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள் குஞ்சம்மாள்.

கலைவாணி செல்போனை வாங்கிக் கம்பெனிக்குத் தகவல் சொல்லி முடிக்கவில்லை, கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க டி.வி.யும் மோட்டாரும் ஒரே நேரத்தில் அலறின. அவள் காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் குந்திவிட்டாள். பலராமன் வீடு மட்டும் சத்தமில்லாமல் நின்றது.

"உனக்குப் புண்ணியமாப் போவட்டும்மா" என்றார் பலராமன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "ஆனா ஒண்ணு. கனெக்‌ஷன் குடுத்த அன்னிக்கு நீதான சொன்ன, எல்லாம் சிலிண்டர் மாதிரிதான், பயப்படாதீங்கன்னு?"

குற்றம் சொல்லவில்லை அவர். தெரியாமல் கேட்டார். கலைவாணிக்குத்தான் உறைத்தது. படித்துக்காட்ட வேண்டிய நாலு பக்கப் பாதுகாப்புக் காகிதத்தைப் படிக்காமல், வெயிலுக்குப் பயந்து, அந்த ஒரு வரியைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவள் அவள்தான். இந்த ஒரு வீட்டிலா சொன்னாள்? இந்தத் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு.

கம்பெனி வண்டி வந்து சேர்ந்ததும் எழுந்துபோனாள். பக்கத்து வீட்டுக் காலிங்பெல்லை நோக்கிப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"கேஸ் கம்பெனிங்க" என்றாள். "அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்."