என் கழுத்தில் ஒரு கட்டி

பின்கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறதென்று முதலில் சொன்னவர் வெள்ளவத்தையில் எனக்கு முடி வெட்டுகிற பிறெடிதான். அன்றோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தால் அது புற்றுநோயேதான் என்று முடிவுகட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது.

இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே பிடித்துப் பார்த்தேன். பொறுக்காமல் பிதுக்கியும் பார்த்தேன். சிவந்து வீங்கியதுதான் மிச்சம். உடனே தனியார் ஆஸ்பத்திரியொன்றில் சத்திரசிகிச்சை டொக்டரை மறுநாள் பார்க்க நம்பர் எடுத்துச் சனல் பண்ணினேன். முதலாவது நம்பர் கிடைக்கவில்லையென்று போன் எடுத்த பிள்ளையோடு சண்டையும் பிடித்தேன்.

மனைவி கௌரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வந்தாள். கடற்கரைப் பக்கம் ரயில் போக, ஜன்னல் அதிர்ந்தது.

"குனியுங்கோ."

"வடிவாப் பாத்துச் சொல்லும். கான்சரோ?"

கட்டியை விரலால் மெல்லத் தள்ளினாள். "மெத்தெண்டு இருக்கு. தள்ள அசையுது. நடுவிலை கறுப்புப் புள்ளி ஒண்டு. இது சும்மா கொழுப்புக் கட்டி. இளஞ்சூட்டிலை ஒத்தடம் குடுத்தா வீக்கம் வத்தும். இனிப் பிதுக்காதேங்கோ. சீழ் வைச்சா, காய்ச்சல் வந்தா டொக்டரிட்டைக் காட்டுவம்."

"அப்ப எதுக்குப் பயப்பிட வேணும்?"

"கல்லு மாதிரி இறுகி, அசையாம, நோவும் இல்லாம இருந்தா."

"நீர் என்ன டொக்டரோ?" என்று சீறினேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். அவள் துணியை மாற்றி மாற்றி வைத்தாள். சூடு இறங்க நோவு குறைந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவும் எங்கை படிச்சனீர்?" என்று சமாதானமாகக் கேட்டேன்.

துணி கழுத்திலேயே நின்றது. பிறகு அவள் முன்னால் வந்து இருந்தாள். என் கையைப் பிடித்துத் தன் இடது அக்குளுக்குள் வைத்தாள்.

"அமத்திப் பாருங்கோ."

அமத்தினேன். பிழையாக அமத்திவிட்டேனோ என்று திரும்பவும் தள்ளினேன். அசையவில்லை.

"நோகுதோ?"

"இல்லை."

"எப்ப தொட்டு?"

"தீபாவளிக்கு முந்தியே இருக்கு. நீங்கள் பயந்திடுவியள் எண்டு சொல்லேல்லை."

அவள் ஆறிப்போன துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"நாளைக்கு உங்கடை நம்பரை எனக்குத் தாறியளோ?"