அசல் விலாசம்

ஊசி ஒரு திருடி என்று மன்றம் தீர்ப்புச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு. அப்போது அவள் கடையில் ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் சிக்கிய நூலை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசி சிணுங்கியது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'களவெழுத்து' என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

மன்றம் என்றால் நாலு சுவர் உள்ள கட்டடம் இல்லை. சொந்தமாக இணையதளம் நடத்துகிறவர்கள் கூடிப் பேசும் தளம் அது. ஆள் சேர்ப்பது எப்படி, தேடுபொறியில் மேலே வருவது எப்படி, யாரோடு இணைப்பு மாற்றிக்கொள்ளலாம் என்று ஓயாமல் பேச்சு நடக்கும். மற்ற தளங்கள் கொடுக்கும் இணைப்பு கூடக் கூடத்தான் ஒரு தளம் தேடுபொறியில் மேலே ஏறும். எல்லோருக்கும் அங்கே புனைபெயர்தான். ஆறு வருடமாக அவள் 'ஊசி'. தையல் மிஷின் பழுதுபார்ப்பது பற்றி அவள் நடத்திய தளத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொன்றும் அவளே கழற்றி, மாட்டி, படம் பிடித்து எழுதியது. புதிதாக வந்தவர்கள் எவ்வளவு அசட்டுக் கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவள் என்று அங்கே அவளுக்கு நல்ல பேர் இருந்தது. அந்தப் பேரை ஒரே காலையில் வழித்து எறிந்துவிட்டார்கள்.

செய்தது யார்? சாட்சாத் அக்கா புருஷன்தான்.

அத்தானுக்கு ஆன்லைன் விளம்பரத் தொழில். "உன் தளம் திறக்கறதுக்குள்ள தூக்கமே வந்துடுது. பாஸ்வேர்டைக் குடு, சரி பண்ணித் தரேன்" என்று தேனொழுகப் பேசி வாங்கிக்கொண்டார். யாரோ கைவிட்ட பழைய இணைய விலாசம் ஒன்றைப் பிடித்து, மூன்றே வாரத்தில் அவளுடைய பக்கங்கள் அத்தனையையும் மூட்டையாகத் தூக்கி அங்கே வைத்தார். நிறத்தை மாற்றினார். உச்சியில் தம் படத்தைப் போட்டு 'இருபது வருட அனுபவம்' என்று எழுதிக்கொண்டார். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத மனுஷன்! போதாததற்கு, ஒவ்வொரு பக்கத்தின் தேதியையும் அவளுடையதற்கு ஒரு மாதம் முந்தியதாகத் திருத்திவிட்டு, "என் உழைப்பைத் திருடிவிட்டார்கள்" என்று மன்றத்தில் போய் ஒப்பாரி வைத்தார். மன்றத்தை நடத்துகிறவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். பிழை கண்டால் திருத்தாமல் விடமாட்டார். அந்த வாத்தியார் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறு வருடப் பழக்கத்தை அவர் பார்க்கவில்லை.

மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஏய், அவரோடதை ஏதாவது எடுத்துப் போட்டியாடி? எடுத்திருந்தா சொல்லிடு. நமக்குள்ளதானே, பேசி முடிச்சுக்கலாம்."

ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா இது? ஊசி இடுக்கியைக் கீழே வைத்தாள். "இல்ல" என்று ஒரு சொல்தான் வந்தது. அக்காவின் பார்வை அவள் முகத்தை விட்டு, அலமாரியில் இருந்த, நூல் சுற்றும் பாபின் டப்பாக்களுக்குப் போனது.

"சரி, விடு" என்றாள் அக்கா.

சிவப்பு முத்திரையை ஊசி தாங்கிக்கொண்டாள். இந்த 'விடு'தான் நெஞ்சில் தைத்தது.

அக்கா படி இறங்கியதும் அவள் அத்தானின் தளத்தைத் திறந்து, ஒரு பக்கத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறிக்காக மட்டும் எழுதி வைக்கும் வரிகள் அங்கே இருக்கும். ஏழாவது வரியில் அவள் கண் நின்றது. 'இந்தப் பக்கத்தின் அசல் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி. அதில் இருந்தது அவளுடைய தளத்தின் விலாசம். மூட்டையைத் தூக்கிய அவசரத்தில் அத்தான் அந்த வரியையும் சேர்த்தே தூக்கியிருந்தார். அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும், நான் நகல், என் அசல் அங்கே என்று தேடுபொறியிடம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் எத்தனை பேரிடம் கெஞ்சி எத்தனை இணைப்பு வாங்கினாலும், அதன் பலன் அவள் கணக்கில்தான் சேரும்.

அந்த வரியைப் படம் பிடித்தாள். வாத்தியாருக்கு அனுப்பும் கடிதத்தில் ஒட்டினாள். அனுப்பு என்கிற பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

பிறகு யோசித்தாள். இப்போது அனுப்பினால் என்ன ஆகும்? அத்தான் "அடடா, ஏதோ கைத்தவறு" என்று இளிப்பார். வரியை அழிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அக்கா மறுபடியும் 'விடு' என்பாள். வேண்டாம். உழைக்கட்டும். இடுப்பு ஒடிய உழைக்கட்டும். கடிதத்தை அழித்துவிட்டு, கவிழ்த்த மிஷினை நிமிர்த்தி வைத்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

அத்தான் உழைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. துணிக்கடைத் தளங்கள், நூல் வியாபாரிகள், தையல் பள்ளிகள் என்று ஒரு நாளைக்கு ஐம்பது கடிதம் எழுதினார். மன்றத்தில் அவர் போடும் ஒவ்வொரு பதிலின் அடியிலும் தம் தள இணைப்பைத் தொங்கவிட்டார். கண்ட கண்ட தளங்களுக்கெல்லாம் ஓசியில் கட்டுரை எழுதிக் கொடுத்தார். ஊசி ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். போகாமல் இருந்தால் இந்தச் சுகம் கிடைக்குமா?

"தொழிற்பயிற்சிப் பள்ளிங்களுக்கு எழுதினீங்களா அத்தான்? அவங்க இணைப்புக்கு மதிப்பு ஜாஸ்தி."

"நீயே சொல்றியா?" அத்தான் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு மனசுல வருத்தம் இல்லையே?"

"குடும்பத்துல ஒருத்தர் முன்னுக்கு வந்தா போதாதா?"

அக்காவுக்குக் கண் கலங்கியது. தங்கை திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் போலும். அதைக் கண்டு ஊசிக்கு எரிச்சல் மண்டியது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாதங்கள் போயின. அவளுடைய தளத்துக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்கானார்கள், பிறகு நான்கு மடங்கானார்கள். மிஷின் சத்தம் போடுகிறது என்று எவர் தேடினாலும் முதலில் வந்து நின்றது அவள் பக்கம். அத்தானின் பக்கம் நூறாவது இடத்தில்கூட இல்லை. தாம் ஏற்றிவிடுவது யாரை என்று தெரியாமலே அவர் மேலும் மேலும் தம் கட்டினார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. "நாற்காலி சரியில்ல" என்று நாற்காலியை மாற்றினார்.

பத்தாவது மாதம் அவரே போய் மாட்டிக்கொண்டார். இணைப்பு வாங்குவதில் தம்மை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்தவர்தானே. தம் பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மன்றத்தில் எல்லோரும் பார்க்கும்படி கேட்டார்: "நூற்று நாற்பது தளங்களில் இருந்து இணைப்பு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் ஒரு பக்கம்கூடத் தேடலில் வருவதில்லை. நிபுணர்கள் தயவுசெய்து என் தளத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசிச் சொல்லவும்."

ஊசி கடையின் பாதிக் கதவை இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

நாற்பது நிமிஷத்தில் வாத்தியார் பதில் எழுதினார். "ஐயா, உங்கள் பக்கம் ஒவ்வொன்றும் தன் அசல் ஊசியின் தளத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அவர் உங்களிடம் திருடியிருந்தால், அவருடைய விலாசம் உங்கள் பக்கத்துக்குள் எப்படி வந்தது? இந்த வரியைப் பற்றி நம் மன்றத்தில் நல்ல விளக்கம் ஒன்று உண்டு." கீழே ஓர் இணைப்பு. ஐந்து வருடத்துக்கு முன், புதியவர்களுக்காக ஊசி எழுதிய விளக்கம் அது.

அப்புறம் மன்றம் சும்மா இருக்குமா? இணைப்புக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அத்தானைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சிவப்பு முத்திரை அவர் பெயருக்கு இடம் மாறியது. வாத்தியார் ஊசியிடம் மூன்று பத்திகளில் மன்னிப்புக் கேட்டார். அவள் ஒரே ஒரு வரி எழுதினாள்: "நூற்று நாற்பது இணைப்புகளுக்கும் நன்றி அத்தான்." சொந்தக்காரர் என்பது அப்போதுதான் மன்றத்துக்கே தெரிந்தது. எழுதிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அக்கா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இந்தத் தடவை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"தப்புப் பண்ணிட்டாருடி. நானும்தான். அந்த வரி இருக்குன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீ வந்து கேட்டியே, அன்னிக்கே. நீ படி இறங்கின அஞ்சாவது நிமிஷம்."

அக்கா விரல்விட்டு மாதங்களை எண்ணுவது தெரிந்தது. "பத்து மாசமா என் வீட்டுக்கு வந்து, என் கையால சாப்பிட்டே. அவர் படற பாட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டே. ஊருக்குச் சொல்ல வேணாம், எனக்கு மட்டுமாவது காட்டியிருக்கலாம்ல? நான் நம்பியிருப்பேனே."

நேற்றே எல்லாம் முடிந்துவிட்டதென்றுதான் ஊசி நினைத்திருந்தாள். இப்போது நெஞ்சு மறுபடியும் கொதித்தது. கையில் இருந்த பாபினை மிஷினுக்குள் பொருத்தி, மூடியைச் சாத்தினாள்.

"அன்னிக்கு நீ என்னைக் கேட்டிருக்கவே கூடாதுக்கா" என்றாள்.