கலாவதி உட்கார ஒரு பெஞ்சு

1

இந்தக் கதை எனக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. நாகலூரில் ஒரு வீட்டில் பெஞ்சு போட்டார்கள். உட்கார்ந்தேன். பெஞ்சு இடப்பக்கம் சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறந்திருப்பேன். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: சேர்வராயன் மலைமேல் மூடுபனி மெல்ல இறங்கி

(வேண்டாம். பனி வந்தால் பெஞ்சு தெரியாது.)

தொடக்கம் இரண்டு: எஸ்டேட்டில் பம்ப் ஓட்டும் வெங்கடேஷ், பழைய ஓட்டு வீட்டை இடித்தபோது பலா மரத்து வாசல் நிலையை மட்டும் விற்கவில்லை. புது வீட்டுக்கு இரும்பு நிலை வைத்தான். பழையதை அறுத்து அவனே பெஞ்சு செய்தான்.

முதல் வரைவில் பெஞ்சு நேராக நின்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு காலைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். அவன் மனைவி கவிப்பிரியா சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது பெஞ்சுங்களா, சறுக்குமரமுங்களா?"

"உக்காந்தா சரியாப் போயிரும்."

"எது, பெஞ்சா, உக்காந்தவங்களா?"

3

ஏன் செய்தான் என்பதை இனியும் மறைப்பது அழகல்ல.

அவன் அக்கா கலாவதி கிளியூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு சில்வர் ஓக் மரம் தம்பி பங்கு நிலத்தில் நிற்கிறது. அதில் ஏறிய மிளகுக்கொடி அக்கா நட்டது. மிளகு யாருக்கு? (முதலில் நகைச் சண்டை என்று எழுதினேன். மலைக்கு ஒட்டவில்லை.) சண்டை முற்றி, அவள் பழைய வாசல் நிலையில் கற்பூரம் ஏற்றி, "இந்த நெலையத் தாண்டி உள்ள வரமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

இப்போது புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். அக்கா கை படாமல் அடுப்பைப் பற்றவைக்க அவனுக்கு மனமில்லை. நிலையை விறகாக்கினால் அவள் சத்தியத்தை எரித்ததாகும். பெஞ்சாக்கினால் அவளே அதன்மேல் உட்காரலாம்.

4

கலாவதி வந்துவிட்டாள். கையில் பால் தூக்குப்போசி. இங்கே ஒரு நீண்ட மௌனம் எழுதியிருந்தேன். எனக்கு மௌனம் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த நெலை எங்கடா?"

"இதுதானுங்கக்கா. இனித் தாண்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வந்து உக்காருங்க."

"நெலைமேல உக்காந்தா ஊட்டுக்கு ஆவுமாடா?"

"அப்ப உக்காராம உள்ள வாங்க."

முதலில் அவள் கண்ணில் படட்டும் என்று பெஞ்சை வாசலுக்குக் குறுக்கே போட்டிருந்தான்.

"தாண்டாம எப்படி வர்றது? பறந்தா?"

"செவுத்தோரமா நவுத்தீரட்டுங்களா?"

"உள்ள நவுத்துனா நெலை இருக்கற ஊட்டுக்குள்ள வந்து சத்தியத்த மீறுன மாதிரி. வெளிய நவுத்துனா அதைத் தாண்டி வந்த மாதிரி." அவளே யோசித்தாள். "ஏதாச்சும் பண்ணுடா சாமி. பாலு கனக்குது."

"ஏனுங்க, நல்ல நேரம் முடியப் போவுதுங்க" என்றாள் கவிப்பிரியா உள்ளிருந்து.

5

முடிவு அ: உட்காருகிறாள். பெஞ்சு சாய, மூவரும் சிரிக்கிறார்கள். (வீட்டுக்கு ஆகாது என்று அவள் சொன்னபிறகு எப்படி உட்காரவைப்பேன்?)

முடிவு ஆ: திரும்பி பஸ் ஏறிவிடுகிறாள். (பால் கொண்டுவந்தவளை அப்படி அனுப்ப மாட்டேன்.)

முடிவு இ: அவள் மெதுவாக

தாளில் வாசல், பெஞ்சு, கலாவதி எல்லாம் வரைந்து பார்த்தேன். வழி தெரியவில்லை. கலாவதி செருப்பைக் கழற்றிவிட்டாள். வெங்கடேஷ் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கியபடி குனிந்து நிற்கிறான். பலா மரம், ஒற்றை ஆளுக்கு நகராது. மறுமுனை காலியாக இருக்கிறது. கொஞ்சம் பிடியுங்கள். எங்கே வைப்பது என்று அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.