மறியல்காரருக்கு ஒரு கூண்டு

வெள்ளைக்காரப் போலீஸ் தடியால் அடித்தும் கலையாத கூட்டத்தை நான் ஒரே உட்காரலில் நசுக்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. நினைவுச்சின்னக் கமிட்டித் தலைவர் கண்ணுசாமி, தன் வெங்காயக் குடோனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க ஆர்ட்டிஸ்ட்" என்றார். மரியாதைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தேன். நினைவுச்சின்னத்தின் மாடலை, யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சற்றுமுன் நானே தூக்கிப் பத்திரமாக வைத்த நாற்காலி அது.

என்னை ஆர்ட்டிஸ்ட் என்று சொல்வது கண்ணுசாமியின் பெருந்தன்மை. நான் சூசைராஜ். திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டப வாசல்களில் தும்பிக்கை தூக்கி நிற்கும் சிமெண்ட் யானைகள் என் கைவேலை. தும்பிக்கை இருப்பதால்தான் அவை யானை என்று தெரிகிறது என்பார் என் மனைவி.

கதை இதுதான். சுதந்திரப் போராட்ட காலத்தில் எரியோடு ஊருக்குப் போகும் ரோட்டில், எங்கள் ஊர் முக்குப் புளியமரத்தடியில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் அதன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கல்லெறியவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அடி விழுந்தது, அப்போதும் உட்கார்ந்திருந்தார்கள். "எப்பய்யா எந்திரிப்பீங்க?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எந்திரிக்க மாட்டோம்" என்றார்களாம். அவர்கள் செய்த ஒரே பிரசங்கம் அதுதான். கமிட்டிச் செயலாளர், தோல் வியாபாரி பக்ருதீன் பாயின் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இதற்கு என்ன சின்னம் வைக்கலாம்? நாலு பேர் உட்கார்ந்திருப்பதுபோல் முதலில் வரைந்து காட்டினேன்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்குய்யா" என்றார் கண்ணுசாமி. "ஒரே ஆளு. நிக்கட்டும். கையில துப்பாக்கி இருந்தா சுதந்திரம்னு சட்டுனு புரியும்."

"அண்ணே, இது அகிம்சைப் போராட்டம்."

"சரி, அப்ப வாள் போதும்" என்று இறங்கி வந்தார்.

"எங்க தாத்தாவுக்கு முட்டிவலி" என்றார் பாய், யாரையும் பார்க்காமல். "ரொம்ப நேரம் நிக்க மாட்டாருன்னு வாப்பா சொல்லும்." யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

வாளை எப்படியோ பிடுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாகக் கல்வெட்டு போயிற்று. 'எந்திரிக்க மாட்டோம்' என்று பொறித்தால் கௌரவமாக இல்லையாம். 'வீறுகொண்டு எழுவோம்' என்று மாற்றிவிட்டார்கள்.

பிறகு கூண்டு. நம் பக்கத்தில் சிலைக்கு மூக்கு வைக்க மறந்தாலும் சுற்றிலும் கம்பிக்கூண்டு வைக்க மறக்க மாட்டோம். கலவரம் வந்தால் தலைவர்கள் பத்திரமாக இருக்க வேண்டும். மறியல் செய்தவர்களை வெள்ளைக்காரன் கொஞ்ச காலம் உள்ளே வைத்து வெளியே விட்டான். நாங்கள் வைக்கப்போவது ஆயுள் தண்டனை. பூட்டுச் சாவி கண்ணுசாமியிடம் இருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அரசாங்க மதுக்கடை அமோகமாக நடக்கிறது. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனையும் தாங்கிய மாடலின் மேல்தான் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தபோது வீரர் மாவாகியிருந்தார். ஊதுபத்திக் குச்சியில் செய்த கூண்டு என் வேட்டியில் குத்தி நின்றது. அடியிலிருந்த மேடை மட்டும் கீறல் விழாமல் தப்பியிருந்தது.

மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "இதான்ணே புது டிசைன்" என்றேன். "வெறும் மேடை. வாரவங்க உக்காரலாம். உக்காந்தவங்களுக்கு உக்காரத்தான இடம் வேணும்?"

சொன்ன பிறகுதான் அது உண்மையிலேயே நல்ல டிசைன் என்று எனக்கே தெரிந்தது. வாழ்நாளில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

கண்ணுசாமி மேடையை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். "கழுத்து எங்கய்யா?"

"கழுத்தா?"

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மாலைய எதுல போடுறது? மேடைக்கா போட முடியும்?"

மாலை போடக் கழுத்தில்லாதவர் எங்கள் ஊரில் தியாகியாக முடியாது.

"சரிண்ணே, அது கிடக்கட்டும்" என்றேன். "கூண்டு வார இடத்துலதான பழனியம்மாக்கா பூ விக்குது. அது எங்க போகும்?"

"பாத்துக்கலாம்" என்றார் கண்ணுசாமி.

"பாய்?"

"இன்ஷா அல்லாஹ், ஏதாச்சும் வழி பொறக்கும்."

"எங்கன்னு சொல்லுங்களேன்."

"பாத்துக்கலாம்னு சொல்றோம்ல" என்ற கண்ணுசாமி, குரலைத் தேன்போல ஆக்கிக்கொண்டார். "நீங்க ஆர்ட்டிஸ்ட். நீங்களே பக்குவமா ஒரு வார்த்த சொல்லிருங்க."

அந்தப் புளியமரத்தடி தவிர பழனியம்மாளுக்குக் கடை கிடையாது. வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து அங்கே சாக்கு விரித்துப் பூக்கட்டித்தான் இரண்டு பெண்களைக் கரையேற்றினார். மூன்றாவது பெண் நர்ஸிங் படிக்கிறாள். மாலையில் என் மனைவிக்கு ஒரு முழம் கேட்டால், முழங்கையையும் தாண்டி அளந்து கிள்ளுவார். அந்த அதிகப்படிப் பூவையெல்லாம் நினைத்துக்கொண்டு, மறுநாள் காலை அளவு டேப்போடு அவர் முன்னால் போய் நின்றேன். கண்ணுசாமி காருக்குப் பின்னால் நின்று, வராத போனில் பேசிக்கொண்டிருந்தார். பாய் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பூவெல்லாம் என்ன வெலக்கா போகுது?" என்று ஆரம்பித்தேன். மழையைப் பற்றிக் கொஞ்சம், நாட்டுப்பற்றைப் பற்றிக் கொஞ்சம்.

"ஏப்பா, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி இழுக்குற" என்றார் கை நிற்காமல். "என்ன சங்கதி?"

"இந்த மரத்தடியில அந்தக் காலத்துல உக்காந்து போராடுனவங்களுக்கு ஒரு சின்னம் வைக்கிறோம்க்கா."

"நல்லதுதான. வைங்க."

"அதுக்கு நீங்க செத்த தள்ளி..."

"எம்புட்டு நேரம்?"

"நேரம் இல்லக்கா. ஒரேயடியா."

அவர் கை நின்றது. காருக்குப் பின்னால் போன் பேச்சும் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பாயையும் பார்த்தார். பாய் இப்போது மரத்தைப் பார்க்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"எப்பக்கா எந்திரிப்பீங்க?"

பழனியம்மாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எந்திரிக்க மாட்டேன்ப்பா. அளக்கணும்னா என்னையும் சேத்து அளந்துக்க."