கடலோரம் போட்ட சமையற்கட்டு நாற்காலி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காற்று இன்று பலமாக இருக்கிறது. பாதிப் பேச்சை அதுவே தின்றுவிடும். கொடுத்த வாக்கையும் மீறாமல், பிடித்த பிடியையும் விடாமல் ஒருத்தி எங்கள் காஸ்டாரா கடற்கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்த கதையைச் சொல்கிறேன். கேள்விப்பட்ட கதை இல்லை. அவள் உட்கார்ந்தது என் வீட்டு நாற்காலி.

அவள் பெயர் லிஸ்ட்ரா. டிரினிடாடில் ஓர் ஆஸ்பத்திரியில், தீக்காயம் பட்டவர்கள் வார்டில் நர்ஸ். ஐம்பத்திரண்டு வயது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி, தோள் இரண்டும் படகு தள்ளுகிறவன் தோள் மாதிரி ஆகியிருந்தது. பதினோரு வருஷமாக ஈஸ்டருக்கு எங்கள் டொபேகோவுக்கு வருவதாகப் போன் செய்து என்னிடம் அறை சொல்லிவைப்பாள். பிறகு வரமுடியவில்லை என்று இன்னொரு போன் வரும். ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை, இன்னொரு வருஷம் மழையில் கூரை ஒழுகியது, மற்ற வருஷமெல்லாம் வார்டில் ஆளில்லை. கடலில் குளிக்கவென்று அவள் வாங்கிய மஞ்சள் நீச்சலுடை அத்தனை வருஷமும் விலைச்சீட்டோடு அலமாரியில் கிடந்ததாம்.

அந்த வருஷம் வியாழன் முதல் சனி மாலை வரை லீவு கிடைத்துவிட்டது. வியாழன் காலைக் கப்பலில் ஏறினால் மதியத்துக்குள் தண்ணீரில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கூடவே டான்டி எர்மினையும் அழைத்து வந்தாள். டான்டி என்று எங்கள் பக்கம் பெரியம்மாவைக் கூப்பிடுவோம்; இவள் லிஸ்ட்ராவின் அம்மாவுக்கு அக்கா. அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள். எழுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மட்டும் கோயில் மணி. கப்பலில் ஏறுமுன் துறைமுகத்தில் நின்றபடியே டான்டி ஒரு சத்தியம் வாங்கினாள்.

பெரிய வெள்ளியன்று கடலில் குளித்தால் மீனாகிவிடுவோம் என்பது எங்களுக்கெல்லாம் நடக்கத் தெரியும் முன்பே தெரியும். லிஸ்ட்ரா படித்தவள், இதெல்லாம் நம்பமாட்டேன் என்பாள். சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள். வியாழக்கிழமை முழுசாகக் கையில் இருக்கும் தைரியத்தில், "பெரிய வெள்ளியன்னைக்குக் கடலுக்குள்ள நான் போகமாட்டேன், டான்டி. சத்தியம்" என்று கையடித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று கடல் கொந்தளித்தது. கப்பல் கிளம்பவே மாலையாகிவிட்டது. ஸ்கார்பரோவில் இறங்கி, வளைந்து வளைந்து மலைப்பாதையில் வந்து என் வாசலில் அவர்கள் நின்றபோது ஊர் அடங்கிவிட்டது. வியாழன் போச்சு. சனி காலைக் கப்பலில் திரும்பியாக வேண்டும், மாலை அவளுக்கு டியூட்டி. இடையில் இருந்தது ஒரே ஒரு பகல். அது பெரிய வெள்ளி.

காலையில் நான் காப்பி போடும்போது லிஸ்ட்ரா சமையற்கட்டுக்கு வந்தாள். முகத்தில் வாட்டமே இல்லை. ஆராதனைக்குப் போகிற வெள்ளை உடை போட்டிருந்தாள். கழுத்தோரம் உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் வார் எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இன்னிக்குள்ள குளிச்சிருவேன், மிஸ் ஆல்மா. எப்படின்னு மட்டும் இன்னும் தெரியலை" என்றாள், ஊசி போடப்போகும் நர்ஸ் "ஒன்னும் வலிக்காது" என்பாளே, அந்தக் குரலில்.

சத்தியத்தை மீறலாமே என்று நீங்கள் கேட்கலாம். டான்டியிடம் அது நடக்காது. டோக்கோ பக்கம் சிபில் என்று ஒருத்தி, பேச்சைக் கேட்காமல் பெரிய வெள்ளியில் குளித்து, கணுக்கால் இரண்டும் ஒட்டிப்போனதைத் தன் கண்ணால் கண்டதாக டான்டி சொல்வாள். அந்தக் கதையைச் சொல்லும்போது தன் கணுக்கால்களைத் தடவிப் பார்த்துக்கொள்வாள், பொய்யாக இல்லை. தன்னை வளர்த்தவளை அப்படிப் பயப்படவிட்டுக் குளிப்பது குளியலா? லிஸ்ட்ராவுக்குக் கடலும் வேண்டும், டான்டியின் நிம்மதியும் வேண்டும்.

ஆராதனை முடிந்து திரும்பும் வழியில், முச்சந்தியில் ஊர்க்காரர்கள் பாபலியை உட்காரவைத்திருந்தார்கள். யூதாசை நினைத்துப் பழைய துணியில் வைக்கோல் அடைத்துச் செய்கிற பொம்மை. போகிற வருகிறவர்கள் எல்லாரும் கம்பால் ஒரு போடு போட்டுவிட்டுப் போவார்கள். டான்டியும் தன் குடையால் ஒன்று வைத்தாள். லிஸ்ட்ரா மட்டும் நின்று, பாபலி உட்கார்ந்திருந்த உடைந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் டான்டி கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, முட்டையின் வெள்ளைக்கருவை அதில் விட்டு, வெயிலில் வைத்தாள். வருஷாவருஷம் செய்வதுதான். வெள்ளை எந்த உருவமாக எழும்புகிறதோ அதுதான் வரப்போகிற காலம்: கப்பல் என்றால் பயணம், கோபுரம் என்றால் கல்யாணம். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். டான்டி முகம் சுண்டிப்போய், மீன்வால் என்றாள். எனக்கு முட்டையாகத்தான் தெரிந்தது. லிஸ்ட்ரா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்து பார்த்தாள்.

"வாலா? இதுவா? நல்லாப் பாரு டான்டி. நாலு கால் இருக்கு, முதுகு இருக்கு. நாற்காலி இது."

சொல்லிவிட்டு நேரே என் சமையற்கட்டுக்குள் போய், மர நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

தண்ணீர் அப்போது நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈஸ்டர் எப்போதும் முழுநிலவை ஒட்டியே வரும். அந்த நாள்களில் எங்கள் கடல் ஒரேயடியாக இறங்கும், ஒரேயடியாக ஏறும். லிஸ்ட்ரா அந்த ஈர மணலில் இறங்கி, அலை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் நாற்காலியைப் போட்டாள். வெள்ளை உடையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். மஞ்சள் உடையில், ஓலைத் தொப்பியோடு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். விலைச்சீட்டு முதுகில் ஆடிக்கொண்டிருந்தது.

டான்டி குடையோடு வந்து சேர்ந்தாள்.

"டான்டி, என் கால் எதுமேல இருக்கு?"

"மணல்மேல."

"கடல் எங்க இருக்கு?"

"அதோ, அங்க."

"மிஸ் ஆல்மா, கேட்டுக்கோங்க" என்றாள் லிஸ்ட்ரா.

டான்டிக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. காற்று வாங்கத்தானே, வாங்கட்டும் என்று வாதாம் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே மீன்காரன் ஓஸ்வின் இருந்தான். பெரிய வெள்ளியன்று படகு இறக்கமாட்டார்கள், வலையையும் தொடமாட்டார்கள். வேலையில்லாத மீன்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? முச்சந்தியில் இருந்த பாபலி அடி தாங்காமல் இங்கே ஓடிவந்துவிட்டது போலிருக்கிறது என்று ஆரம்பித்தான். யாராவது கம்பு கொண்டுவாருங்கள் என்றான். லிஸ்ட்ரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சிலுவைபோட்ட இனிப்பு பன்னை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மணி வாக்கில் முதல் அலை வந்து அவள் பெருவிரலை நக்கிவிட்டுப் போனது.

டான்டி எழுந்து நின்றாள். "புள்ளே, கடல் வருது. நாற்காலியைப் பின்னால இழு."

"வந்தா வரட்டும். நான் அதுகிட்டப் போகலையே, டான்டி. அதுதான் என்னைப் பார்க்க வருது. வந்தவங்களை வேணாம்னு சொல்றது நீ எனக்குக் கத்துக்கொடுத்த மரியாதையா?"

 வீட்டுக்கு வந்தவர்களுக்கு முகம் சுளிக்கக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லி வளர்த்தவள் டான்டிதான்.

இரண்டரைக்குத் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. நாற்காலிக் கால்கள் மணலில் புதைந்து நன்றாகப் பிடித்துக்கொண்டன. சேதி பரவி, ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். ஒருவர் கால்கூட ஈரமாகவில்லை. எல்லாரும் அலைக்கு அலை பின்னால் தள்ளித் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றரைக்கு இடுப்பு. லிஸ்ட்ரா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்தத் தோள்கள் இரண்டும் கீழே இறங்கி, இளகி, வேறு யாருடைய தோளோ மாதிரி ஆகியிருந்தன. பதினோரு வருஷம் அவள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

டான்டிக்குப் பொறுக்கவில்லை. போதும், எழுந்து வா என்று கூப்பிட்டாள்.

"எப்படி வர்றது? எந்திரிச்சா நான் கடலுக்குள்ள நடக்கணுமே. சத்தியம் பண்ணியிருக்கேன்ல. இனிமே தண்ணி இறங்கற வரைக்கும் அசையமாட்டேன்."

கரையே சிரித்தது. ஓஸ்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, வால் முளைச்சா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கு வலையில மாட்டினா தராசுல போடாம உங்களை மட்டும் திருப்பி விட்டுடறேன்" என்றான்.

டான்டி மட்டும் சிரிக்கவில்லை. குடையைப் பிடித்தபடி அலை ஓரம் வரை இறங்கி வந்து நின்றாள்.

நாலரை மணிக்குத் தண்ணீர் மார்பளவு இருந்தது. அப்போதுதான் ஒரு கொழுத்த அலை, கூட்டத்தில் முட்டிக்கொண்டு வருகிற முரட்டு ஆள் மாதிரி, பக்கவாட்டில் வந்து நாற்காலியைக் கவிழ்த்தது. மஞ்சள் மறைந்தது. ஓலைத் தொப்பி மட்டும் தனியாக மிதந்தது.

அவளுக்கு ஒன்றுமில்லை, கண்ணுகளா, பயப்படாதீர்கள். மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்து, மல்லாந்து, கையிரண்டையும் விரித்து மிதந்தாள். ஆனால் அந்த மூன்று எண்ணிக்கைக்குள் டான்டி எர்மின் குடையை வீசிவிட்டு ஓடிவிட்டாள். எழுபத்தெட்டு வயசு, ஆராதனை உடை, கறுப்புக் காலணி, பெரிய வெள்ளி, எதுவும் அவளுக்கு நினைவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, லிஸ்ட்ராவின் மஞ்சள் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடு டான்டி, நான் நல்லா இருக்கேன். நான் போகலை, அதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது."

டான்டி விடவில்லை. இன்னோர் அலை வந்து இரண்டு பேரையும் தூக்கி இறக்கியது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.  ஓஸ்வின் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"ஆல்மா" என்று கூப்பிட்டாள், திரும்பிப் பார்க்காமல். "என் காலைப் பாரு. இருக்கா?"

எங்கள் கடல் தெளிவானதுதான், ஆனால் அத்தனை தூரத்துக்கு இல்லை. கரையிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாலும், "ரெண்டும் இருக்கு" என்றேன்.

"ஒட்டியிருக்கா?"

லிஸ்ட்ரா தலையை முக்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். "தனித்தனியா இருக்கு. ஒரு காலணியைத்தான் காணோம்."

டான்டி தண்ணீருக்குள் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு மறு காலை. சிபிலைப் பற்றி நினைத்தாளோ, வேறு எதை நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. பிறகு அலையில் ஆடிக்கொண்டிருந்த என் நாற்காலியைக் கையால் காட்டினாள்.

"அதைப் புடிச்சு இங்க போடு, புள்ளே. நனைஞ்சது நனைஞ்சாச்சு."

பொழுது சாயும்வரை டான்டி நாற்காலியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். லிஸ்ட்ரா அவளைச் சுற்றிச் சுற்றி மிதந்தாள், ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்தபடி. அன்று சத்தியத்தை மீறியது யார் என்று நாங்கள் இன்றும் வழக்காடுகிறோம். லிஸ்ட்ரா மீறவில்லை. டான்டி சத்தியமே செய்யவில்லை.

பெரிய வெள்ளியன்று இறைச்சி தொடமாட்டோம், ராச்சாப்பாட்டுக்கு மீன்தான். முந்தின நாளே வாங்கிவைத்த நல்ல வஞ்சிரம் பொரித்து, வள்ளிக்கிழங்கும் ஈரப்பலாவும் அவித்து வைத்திருந்தேன். லிஸ்ட்ரா மூன்று துண்டு சாப்பிட்டாள். டான்டி தட்டை உற்றுப் பார்த்தாள், மேஜைக்கடியில் தன் கால்விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள், பிறகு மீனை மட்டும் மெதுவாக ஓரமாக ஒதுக்கினாள்.

"இன்னிக்கு வேணாம், ஆல்மா" என்றாள். "நாளைக்குச் சாப்பிடறேன். மீனுக்கு நான் உறவாயிட்டேனா என்னன்னு ஒரு ராத்திரி பார்த்துக்கறேன்."

உங்கள் வீட்டுக்கும் நல்லது தானாக நடந்து வரட்டும், என் செல்லங்களே. வரும்போது உட்காரவைக்க ஒரு நாற்காலி அங்கே எப்போதும் இருக்கட்டும். தவறி விழுந்தால் காலணியோடு ஓடிவர ஓர் ஆளும் இருக்கட்டும்.