வலது சக்கரத்துப் புஷ்

மிச்சமாகிப்போன புஷ்ஷை, மெல்லிசாகக் கடைந்த அந்த உலோக வளையத்தை, கழிவு டப்பாவை நோக்கி வீசினாள் திலகவதி. அது குறி தவறிச் சிமென்டுத் தரையில் விழுந்து ‘ணங்’கென்று ஒலித்தது.

அதை வார்ப்பிரும்பு என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வார்ப்பிரும்பு அப்படி ஒலிக்காது. ‘டக்’கென்று மொட்டையாக விழும். குனிந்து எடுத்து ஓரத்தில் அரம் போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, எஃகு.

ஆரணி விசைத்தறிகளுக்கும் களம்பூர் அரிசி ஆலைகளுக்கும் லேத்தில் உதிரிபாகம் கடைந்து கொடுப்பவள் அவள். கார் வேலை இதுதான் முதல். பட்டுச் சேலை வியாபாரி சந்திரமோகன், தன் அப்பா வாங்கிய அறுபத்து மூன்றாம் வருஷக் காரில், பிந்தைய மாடலின் முன் சஸ்பென்ஷனைப் போடச் சொல்லி மெக்கானிக் ராஜேஷிடம் விட்டிருந்தார். ஆனால் பழைய சக்கரங்கள் மாறக் கூடாது என்றார். அவை நடுவில் சக்கரத்தைத் தாங்கும் பழைய ஹப்பில்தான் உட்காரும். புதிதாக வந்த அச்சோ ஒல்லி. ஹப்பின் பேரிங் அதில் தொளதொளவென்று ஆடியது. அந்த இடைவெளியை அடைக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகு புஷ் கேட்டு வந்தான் ராஜேஷ். அளவு பார்க்க மட்டும் முதலில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டில் கடைந்து கொடுத்தாள். சரியாக உட்கார்ந்தது. பிறகு எஃகில் இரண்டு கடைந்தாள். மூன்றும் எண்ணெய் பூசி, பார்வைக்கு ஒன்றுபோலத் தட்டில் கிடந்தபோது, இரண்டைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்ததும் அவள்தான்.

ஏதோ ஒரு சக்கரத்துக்குள் இப்போது வார்ப்பிரும்பு இருக்கிறது. அவ்வளவு மெல்லிசாகக் கடைந்தது ரோட்டுப் பள்ளத்தில் அடி வாங்கினால் நொறுங்கிவிடும்.

எதிரில் இருந்த ராஜேஷின் ஷெட்டுக்கு ஓடினாள்.

“கார் எங்க ராஜேஷு?”

“இப்பதான், அரை மணி நேரம் இருக்கும். எடுத்துகினு போய்ட்டாருக்கா. தேவிகாபுரம் கோயிலுக்கு. பேரப்புள்ளைக்கு மொட்ட போடறாங்களாம்.” அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான். “இன்னாக்கா?”

சொன்னாள். அவன் சந்திரமோகனுக்குப் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

“ஒன்னும் ஆவாதுக்கா. திரும்பி வந்ததும் எதுனா சாக்கு சொல்லி மாத்திடலாம். இது வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் எவனும் வேலை குடுக்க மாட்டான்.”

ஒரு கணம் அவளுக்கும் அது சரியென்று பட்டது. அப்படிப் பட்டதும் உடம்பே கூசியது.

“திரும்பி வரலன்னா?” என்றாள்.

ராஜேஷ் ஸ்பானர் பையை எடுத்தான்.

அவளுடைய ஸ்கூட்டியை அவன் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்து, எஃகுப் புஷ்ஷை உள்ளங்கையில் வலிக்க வலிக்க இறுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடையும் அவளுக்கு அந்தச் சக்கரமாகத் தெரிந்தது. எதிரே வந்த பஸ்காரர்களின் முகத்தைப் பார்த்தாள், யாராவது எதையாவது பார்த்துவிட்டு வருகிறார்களா என்று. ஒரு வளைவில் கூட்டம். இருபது முப்பது பேர் ரோட்டோரம் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். வண்டி நிற்பதற்குள் குதித்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனாள். கவிழ்ந்து கிடந்தது ஒரு நெல் லாரி. மூட்டைகள் பிரிந்து சிதறியிருந்தன.

“பிஸ்கட் கலர்ல ஒரு பழைய கார் போச்சாங்க?”

“போச்சே. கொஞ்சம் முன்னாடி.”

அதற்கப்புறம் மூன்றாவது கிலோமீட்டரில் காரைப் பார்த்தார்கள். டீக்கடையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. ராஜேஷ் ஹாரனை அழுத்தியபடியே போய்க் குறுக்கே நிறுத்தினான். திலகவதி இறங்கி, பானட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுவிட்டாள்.

“ஜல்தியா இறங்குங்கண்ணா. எல்லாரும் இறங்குங்க.”

சந்திரமோகன் கண்ணாடியை இறக்கினார். “இன்னாம்மா இது? நல்ல நேரம் போய்கினு இருக்குது. வண்டி நல்லாத்தான வந்துச்சு? கொஞ்ச நேரமா டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

பின் சீட்டில் அவர் மனைவி தேவகியும் மகள் தீபாவும். தீபாவின் மடியில் குழந்தை தூங்கியது. அவர்கள் இறங்கி மரத்தடிக்குப் போகும்வரை திலகவதி கையை எடுக்கவில்லை.

ராஜேஷ் ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தான். விழப்போகும் பல்லைப் போல ஆடியது. நட்டைத் தளர்த்தி ஹப்பை இழுத்தபோது, கருத்த கிரீஸோடு புஷ் மூன்று துண்டுகளாக அவன் மடியில் விழுந்தது. அச்சில் விரல் அகலத்துக்குச் சூட்டால் நீலம் பாரித்திருந்தது. கிட்டே போனாலே சூடு அடித்தது.

“நான்தாண்ணா மாத்திக் குடுத்துட்டேன்,” என்றாள் திலகவதி. “ராஜேஷ் மேல தப்பு இல்ல.”

சந்திரமோகன் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ வராம வுட்டிருந்தா...” என்று தொடங்கினார். முடிக்காமல் மரத்தடிக்குப் போய், தூங்கும் குழந்தையை மகளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று திலகவதி காத்திருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“பஸ்சுல போய்க்கலாம்,” என்றாள் தேவகி. பிறகு திலகவதி பக்கம் திரும்பினாள். “நீங்க வண்டிய எடுத்துகினு போங்க. வண்டி வூட்டுக்கு வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அச்சு கெட்டுவிட்டதால் அதை ஓட்டக் கூடாது என்றான் ராஜேஷ். மாலையில் மினி லாரி பிடித்துக் காரை ஏற்றினார்கள். திலகவதி ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். கயிறு போட்டுக் கட்டிய கார் அசையவில்லை. ஆனாலும் ஆரணி வரும்வரை அவள் கண் வலது சக்கரத்தை விட்டு நகரவில்லை.