ஜன்னலோரத்துப் பச்சைக்கல்

விடியும் முன்பே அல்லிநகரத்துக் கல்பட்டறையில் சாணைச் சக்கரங்கள் இரைய ஆரம்பித்துவிடும். மின்வெட்டு வருவதற்குள் பாதி வேலையாவது முடிந்தாக வேண்டும். குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டிய கல்லைச் சக்கரத்தில் அழுத்திப் பட்டை தீட்டினாள் மொக்கம்மாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. கண் மட்டும் ஜன்னல் பக்கமே போனது.

அங்கே பச்சைக் கார்னெட் கல்லைத் தீட்டிக்கொண்டு வேல்விழி உட்கார்ந்திருந்தாள். கார்னெட்டில் மாதுளை முத்தாய்ச் சிவந்ததும் உண்டு, தேன் நிறக் கோமேதகமும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பத்துக் கற்கள்தான். ராகு தோஷத்துக்குக் கோமேதகம், வழித்துணைக்குச் சிவப்பு என்று முதலாளி பொன்னுராஜ் வியாபாரிகளிடம் அளப்பார். பச்சை மட்டும் அபூர்வம். அதன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும் என்பதால், தீட்டுகிறவளுக்கு ஜன்னல், காற்று, கூடுதல் கூலி. மற்றவர்களுக்கு டியூப்லைட்டும் கல்தூசியும். நேற்று வந்தவளுக்கு இந்த வாழ்வா என்று மொக்கம்மாளுக்கு வயிறு எரிந்தது.

திடீரென்று வேல்விழி அலறினாள். மோட்டார் பெல்ட் அவள் கையை இழுத்திருந்தது. ஓடும்போதே, இடம் காலியாச்சு என்று மொக்கம்மாளின் மனம் ஒரு கணம் குதித்தது. அடுத்த கணம் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆட்டோவில் அவள் மடியில் கிடந்த வேல்விழி முனகினாள்.

"பெல்ட்டு மூடி கழண்டு ஒரு மாசமாச்சுக்கா. மொதலாளிகிட்டச் சொன்னேன். பயமா இருந்தா எந்திரி, மொக்கம்மா உக்காரட்டும்னுட்டாக. நீயும் நான் எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்த. அதான் மறுபடி வாயத் தெறக்கல."

மொக்கம்மாள் தன் முந்தானையை அவள் கையில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மொக்கம்மாள் பட்டறைக்குத் திரும்பியபோது ரத்தம் துடைக்கப்பட்டிருந்தது.

"இனி ஜன்னல் ஒனக்குத்தான். போய் ஒக்காரு," என்றார் பொன்னுராஜ்.

"மூடி எங்க மொதலாளி?"

"அப்புறம் பாப்போம். அவ கவனமில்லாம கைய விட்டா, அதுக்கு நானா பொறுப்பு?"

"நீங்கதான். மூடிய மாட்டுங்க. ஆஸ்பத்திரிச் செலவ ஏத்துக்கிருங்க. கை ஆறி வந்தா அந்த எடம் அவளுக்குத்தான்."

சொல்லிவிட்டுத் தன் பழைய பலகையில் உட்கார்ந்தாள். பொன்னுராஜ் சிரித்தார்.

"இவளுக்கு வேணாமாம். வேற யாரு வாறீக?"

மொக்கம்மாள் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு ஏங்காதவள் பட்டறையில் ஒருத்தியும் இல்லை. பின்வரிசையில் பொன்னாத்தாள் எழுந்தாள். ஜன்னலை நோக்கி நடந்தாள். அதைத் தாண்டிப் போய், சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"மொக்கம்மா சொன்னதுதான் எங்களுக்கும், மொதலாளி."

சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பொன்னுராஜ் கத்தினார், எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். பாதி தீட்டிய பச்சைக்கல் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. மொக்கம்மாளுக்கு இப்போதும் அதன்மேல் ஆசைதான். ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. யாருமே போகவில்லை.